வேகமான கார்ட் ரீடர் எது? தோட்டப்புறப் புகைப்படப்பிடிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது வீடுகளோடு மனிதர்களும் புதைந்து போனார்கள். அடுத்த ஆண்டு அதே மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. லயன் வீடு மண்ணுக்குள் போகும்போது அலுமாரியில் இருந்த கல்யாண ஆல்பமும் போய்விடும். அதன்பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஒரு முகமாவது மிஞ்சுமா என்பது, படமெடுத்தவரிடம் பிரதி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அந்தப் பிரதி கெமராவிலிருந்து வெளியே வரும் வழி கார்ட் ரீடர் என்ற சிறிய கருவி. இலட்சக்கணக்கில் செலவழித்து கெமராவும் லென்ஸும் வாங்குகிறவர்கள்கூட, ரீடரைக் கடையில் கைக்குக் கிடைத்ததாக வாங்கிவிடுகிறார்கள்.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் வேலை செய்யும் புகைப்படப்பிடிப்பாளருக்குச் சனிக்கிழமை கல்யாணம் இருக்கும், ஞாயிறு கோயில் திருவிழா இருக்கும். மாசியில் காமன் கூத்து என்றால் விடிய விடிய வேலை. கையில் இருப்பதோ இரண்டு மூன்று மெமரி கார்ட்கள். அடுத்த நிகழ்வுக்கு முன் கார்டைக் காலியாக்கியே ஆக வேண்டும். பிரதி எடுக்க நீண்ட நேரம் பிடித்தால், ஒரு பிரதியோடு நிறுத்திவிட்டு கார்டை அழித்துவிடத் தோன்றும். ரீடரின் வேகம் முக்கியமாவது இதனால்தான். வேகம் இருந்தால் இரண்டாவது பிரதி எடுக்க நேரம் கிடைக்கும்.

நான்கு கண்ணிகள்

படம் கார்டிலிருந்து கணினிக்குப் போகும் பாதையில் நான்கு கண்ணிகள் உண்டு: கார்ட், ரீடர், கணினியின் யூஎஸ்பி துளை, கடைசியாகப் படம் போய்ச் சேரும் ஹார்ட் டிஸ்க். இவற்றில் எது மெதுவானதோ அதுவே மொத்த வேகம். மற்ற மூன்றுக்கும் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை.

பழைய யூஎஸ்பி 2.0 ரீடர், ஏட்டளவில் செக்கனுக்கு 60 மெகாபைட் கடத்தும். நடைமுறையில் கிடைப்பது 30 முதல் 40 தான். நிறைந்த 64 ஜிகாபைட் கார்டைப் பிரதியெடுக்க ஏறக்குறைய அரை மணித்தியாலம் ஆகும். யூஎஸ்பி 3.0 ரீடரில் சாதாரண கார்ட் செக்கனுக்கு 90 மெகாபைட் அளவில் வரும். அதே வேலை 12 நிமிடத்தில் முடியும். இரண்டு பிரதி எடுத்தாலும் அரை மணித்தியாலம் ஆகாது.

யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று பெட்டிகளில் வெவ்வேறு பெயர்கள் இருக்கும். மூன்றும் ஒன்றே. பெயரைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். டைப்-சி என்பதும் துளையின் வடிவம்தான், வேகம் அல்ல. டைப்-சி முனை கொண்ட யூஎஸ்பி 2.0 ரீடர்களும் விற்கப்படுகின்றன. ரீடரை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். பல மடிக்கணினிகளில் வேகமான துளையின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும், அல்லது அருகில் எஸ்எஸ் என்ற குறி இருக்கும்.

கார்டில் எழுதியிருக்கும் எண்

எஸ்டி கார்டின் முகப்பில் ரோமன் எழுத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று சிறிய குறி இருக்கும். ஒன்று என்றால் யூஎச்எஸ்-1: அதன் உச்ச வரம்பு செக்கனுக்கு 104 மெகாபைட். இரண்டு என்றால் யூஎச்எஸ்-2: உச்சம் 312 மெகாபைட். யூஎச்எஸ்-2 கார்டைத் திருப்பிப் பார்த்தால் உலோகத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும்.

அப்படியானால் சில யூஎச்எஸ்-1 கார்ட்களில் 170, 200 என்று எப்படி எழுதுகிறார்கள்? நிறுவனங்கள் தமக்கென வைத்திருக்கும் தனி முறையில் கிடைக்கும் வாசிப்பு வேகம் அது. அதற்கு ஒத்துழைக்கும் ரீடர் இருந்தால் மட்டுமே அந்த எண் உண்மையாகும். சாதாரண ரீடரில் அந்தக் கார்டும் 90 அளவில்தான் ஓடும். வி30, யூ3 போன்ற குறிகள் வேறு விடயம்: வீடியோ எடுக்கும்போது கார்டில் பதியும் வேகம் செக்கனுக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாது என்பதற்கான உறுதி அவை.

ஆகவே, கையில் இருப்பவை யூஎச்எஸ்-1 கார்ட்கள் என்றால் நல்ல யூஎஸ்பி 3.0 ரீடர் போதும். யூஎச்எஸ்-2 ரீடர் அவற்றையும் ஏற்கும், ஆனால் வேகம் கூடாது. யூஎச்எஸ்-2 கார்ட் வைத்திருப்போர் அதே தர ரீடர் வாங்குவது நியாயம்; ஆனால் பிரதி போய்ச் சேருவது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அங்கே வேகம் மீண்டும் செக்கனுக்கு 100 மெகாபைட் அளவுக்கு இறங்கிவிடும். அவர்கள் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதே நல்லது.

போலிகள்

புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் போலி கார்ட்கள் குறித்து எச்சரிக்கை தேவை. 128 ஜிகாபைட் என்று காட்டும் போலி கார்டில் உண்மையில் 8 ஜிகாபைட் மட்டும் இருக்கலாம். அது நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதிவானது போலத் தோன்றும், ஆனால் திறக்காது. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் அப்படிப் போனால் மீட்க வழியில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மெக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருட்கள் கார்டை முழுமையாக நிரப்பி, திரும்ப வாசித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். புதிய கார்டை முதல் நிகழ்வுக்குக் கொண்டுபோகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

பிரதி எடுக்கும் ஒழுங்கு

கார்டிலிருந்து படங்களை 'கட்' செய்யாமல் 'கொப்பி' செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் மூலம் கார்டில் பத்திரமாக இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இது சிறிய விடயமல்ல. மடிக்கணினியின் பெட்டரி நிறைந்திருக்கும்போதே தொடங்குவது நல்லது. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டைக் கீழே தள்ளிவிட்டு ரீடரில் செருகினால், தவறுதலாக அழிவதையும் தடுக்கலாம்.

பிரதி முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அந்த டிஸ்க் முடிந்தால் வேறொரு வீட்டில், மண்சரிவு அபாயமற்ற இடத்தில் இருக்கட்டும். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒரே வெள்ளத்தில் போய்விடும். இவ்வளவும் முடிந்த பிறகே கார்டைக் கெமராவில் போட்டு ஃபோர்மட் செய்யலாம்.