ஊழியரின் படிப்புக்கு முதலாளி கொடுக்கும் ஒரு கடிதம்

"கடைப் பையனைப் படிக்க வைத்தால், படித்து முடித்த கையோடு அடுத்த கடைக்குப் போய்விடுவான்." நமது வர்த்தகர்களிடம் ஊழியர் பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் இதே அச்சம் உள்ள அமெரிக்க முதலாளிகள் பலர் ஊழியரின் கல்லூரிக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள், சிலர் முழுமையாகவே செலுத்துகிறார்கள். அந்தக் கணக்கு எப்படிச் சரிவருகிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அங்கு 'கொம்யூனிட்டி கொலேஜ்' எனப்படும் சமுதாயக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இரண்டு வருடக் கற்கைநெறிகள், சில மாதச் சான்றிதழ் வகுப்புகள் இரண்டும் உண்டு. கணக்கியல், வாகனத் திருத்தம், குளிரூட்டி பழுதுபார்த்தல், தாதியர் பயிற்சி என்று பலதும் படிக்கலாம். பகலில் வேலை செய்பவருக்கு மாலை வகுப்பு. விரும்பினால் இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டத்தைப் பூர்த்தி செய்யலாம். இவ்வகை அரச கல்லூரிகளில் மிகப் பழையது, சிக்காகோவுக்கு அருகே ஜொலியட் நகரில் 1901 இல் தொடங்கப்பட்டது.

ஜொலியட் அமைந்துள்ள இலினோய் மாநிலத்தில் கட்டணம் மூன்று படியாக இருக்கும். கல்லூரிக்குரிய பிரதேசத்தில் வசிப்பவருக்குக் குறைந்த கட்டணம், மாநிலத்தின் வேறு பிரதேசத்தவருக்கு அதைவிடக் கூட, வெளிமாநிலத்தவருக்கு இன்னும் கூட. காரணம் எளிது. அந்தப் பிரதேசத்துக் காணி, கட்டடங்களுக்கு அறவிடும் ஆதனவரியில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகிறது. வரி கொடுத்தவனுக்குச் சலுகை.

அப்படியானால் பிரதேசத்துக்குள் கடை வைத்து வரி கட்டும் முதலாளிக்கு என்ன பயன்? இங்கேதான் எனக்குப் பிடித்த விதி வருகிறது. ஊழியர் வெளியூரில் வசித்தாலும், பிரதேசத்துக்குள் உள்ள நிறுவனமொன்றில் வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் வேலை செய்தால், அவரிடம் உள்ளூர்க் கட்டணமே அறவிடப்படும். முதலாளி செய்ய வேண்டியது, 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று உறுதிப்படுத்துவது மட்டுமே. ஒரு டொலர் செலவில்லை. கல்லூரிக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையே உடன்படிக்கை செய்து நடத்தும் வகுப்பென்றால் அதற்கும் இதே சலுகை உண்டு.

அதற்கு மேல் பணமாகவே உதவ நினைக்கும் முதலாளிக்கு வரிச்சட்டம் கைகொடுக்கிறது. 1978 இல் தற்காலிகமாக வந்து, பலமுறை நீடிக்கப்பட்டு, 2013 இல் நிரந்தரமான ஏற்பாடு அது. ஓர் ஊழியரின் படிப்புக்காக வருடத்துக்கு 5,250 டொலர் வரை முதலாளி கொடுத்தால் அது ஊழியரின் வருமானமாகக் கருதப்படாது. முதலாளியும் அதை வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 1986 முதல் அசையாமல் நின்ற இந்த எல்லை 2026 க்குப் பின்னர் பணவீக்கத்துக்கேற்ப உயர 2025 இல் சட்டம் வந்தது. நிபந்தனைகளும் இருக்கின்றன. திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். உயர்சம்பளக்காரருக்கு மட்டும் சாதகமாக இருக்கக் கூடாது. உரிமையாளரும் அவரது மனைவி மக்களும் பெறும் தொகை மொத்தக் கொடுப்பனவில் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது, 'ஊழியர் கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்து மகனை மாத்திரம் படிக்க வைக்க முடியாது! சட்டம் எழுதியவர்களுக்கு வியாபாரிகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். படித்தவன் போய்விட மாட்டானா? கரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1964 இல் வெளியான நூலில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: எங்கும் பயன்படும் பொதுத்திறனுக்கு முதலாளி பணம் கொடுப்பதில் அவருக்கு இலாபமில்லை. ஆனால் 2004 இல் பீட்டர் கப்பெலி என்ற பேராசிரியர் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. படிப்புக்கு உதவும் நிறுவனங்களைத் தேடித் தரமான ஆட்கள் வருகிறார்கள், வந்தவர்கள் கூடுதல் காலம் நிற்கிறார்கள். யோசித்தால் இது விளங்கும். மாலை வகுப்பில் படிப்பவனுக்குப் படிப்பு முடியப் பல வருடமாகும். அவ்வளவு காலமும் அவன் வேலையை விடத் தயங்குவான்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் யூ.பி.எஸ். கம்பனி இதைச் செய்தே காட்டியது. நள்ளிரவில் விமானப் பொதிகளைப் பிரிக்கும் வேலைக்குச் சேரும் ஆட்கள் நிலைக்கவில்லை. 1998 இல் மாநில அரசுடனும் உள்ளூர்க் கல்லூரிகளுடனும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். இரவு வேலை செய்பவரின் கட்டணத்தில் பாதி கம்பனியுடையது, மறுபாதி அரச தரப்புடையது. வகுப்பு நேரங்களும் இரவு வேலைக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. இதைத் தர்மமாக நான் பார்க்கவில்லை. ஆள் பற்றாக்குறைக்குச் செய்த வைத்தியம்.

அங்குள்ள முஸ்லிம் இளைஞர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர் கடன்கள் வட்டியோடுதான் வரும். வேலை செய்துகொண்டே, முதலாளியின் உதவியோடு, குறைந்த கட்டணத்தில் படிப்பவர் அந்த வட்டியின் வாசலுக்கே போகத் தேவையில்லை.

நமது புறக்கோட்டைக் கடைக்காரருக்கு அந்த வரிச் சலுகை கிடைக்காது. ஆனால் உதவும் முறையை எடுத்துக்கொள்ளலாம். அங்கு பல கம்பனிகள் பணத்தை முன்கூட்டியே கொடுப்பதில்லை. தவணை முடிந்து, சித்தியடைந்த பெறுபேற்றைக் காட்டிய பின்பே மீளச் செலுத்துகின்றன. வேறு சில, படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் தொகையைத் திருப்பிக் கேட்கின்றன. கணக்குப் பதிவு தெரிந்த ஒரு பையன் உங்களுக்குத் தேவை என்றால், கட்டணத்தில் பாதியை இப்படி ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். வகுப்புள்ள நாளில் ஒரு மணித்தியாலம் முந்தி விடுவதையும் பேசி முடியுங்கள், கட்டணத்தை விட அதுதான் பையனுக்குப் பெரிய உதவி. விலகினால் திருப்பித் தர வேண்டிய பணம் என்றால் அது கடன். கடனை எழுதி வைக்கும்படி சூறத்துல் பகராவின் 282 ஆவது வசனம் பணிப்பதை நாம் அறிவோம். ஆகவே தொகை, திகதி, எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்பவற்றை எழுதி, இரண்டு சாட்சிகளோடு, பையன் வகுப்பில் சேரும் முன்பே கையொப்பம் இட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அவனிடமும் இருக்கட்டும்.