பெட்டியில் இருந்த மூன்று தாழ்கள்

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்திலே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கல்லூரியிற் கற்ற காலத்தில் விடைகளிலும் பார்க்க வினாக்களையே மிகுதியாகக் கொண்டுவருபவர் அவர். கடல் கடந்து சென்றும் அக்குணம் அவரை விட்டு நீங்கவில்லை.

அவருடைய அயல்வீட்டு முதியவர் ஒருவர் மான் வேட்டையில் வல்லவர். என் மாணவர் முறைப்படி பயிற்சியும் உரிமமும் பெறுவதற்கு வழிகாட்டியவரும் அவரே. சென்ற மாரிகாலத்தில் அப்பெரியார் காலமானார். அவருடைய மனைவியார் என் மாணவரை அழைத்துப் பூட்டியிருந்த அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு றைபிள்கள் இருந்தன. இரண்டிலும் போல்ற் என வழங்கும் தாழ் இல்லை. வேறோர் அறையிற் பூட்டியிருந்த சிறு பெட்டியில், எண்ணெய்த் துணியிற் சுற்றிய மூன்று தாழ்கள் கிடந்தன.

"ஐயா, மூன்றும் இரண்டு துவக்குகளிலும் நுழைகின்றன. அவற்றுள் ஒன்று மிக இலகுவாக மூடுகின்றது. அதையே பொருத்தி வைத்தாற் போதாதா?" என்பது அவருடைய வினா.

"போதாது, எதனையும் பொருத்திச் சுடாதீர்" என்று அன்றே மறுமொழி எழுதினேன். அதற்குரிய காரணத்தை வாசகர்களும், சிறப்பாக மாணவர்களும், அறிந்திருத்தல் நன்று.

கழற்றி வைத்தது ஏன்?

முதியவர் தாழ்களைக் கழற்றி வைத்தது மறதியினால் அன்று. கனடாவில் 1998ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிகளின்படி, சாதாரண வேட்டைத் துவக்கை வீட்டில் வைப்பவர் முதலில் தோட்டாக்களை முற்றாக அகற்றல் வேண்டும். பின்னர் அதற்குப் பூட்டுக் கருவி இடலாம். அன்றித் தாழைக் கழற்றலாம். அன்றி எளிதில் உடைக்க இயலாத பெட்டியிலோ அறையிலோ பூட்டி வைக்கலாம். தோட்டாக்கள் துவக்குக்கு அருகே கைக்கெட்டுமாறு இருத்தலாகாது. இருப்பின் அவையும் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

தாழ் இல்லாத துவக்கு வெறும் இரும்புக் குழலே. பிள்ளையின் கையில் அகப்பட்டாலும், திருடன் கையில் அகப்பட்டாலும் அது சுடாது. ஆதலின் கழற்றி வைக்கும் வழக்கம் மிகச் சிறந்தது. ஆயினும் அந்த நல்வழக்கமே வேறொரு தவறுக்கு வாயிலாகி விடுகின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட துவக்குகள் உள்ள வீட்டில், கழற்றிய தாழ்கள் ஒன்றோடொன்று மாறிப்போகலாம்.

ஒரு போர்த் துவக்கின் வரலாறு

அலுமாரியில் இருந்தவை லீ-என்பீல்ட் 4ஆம் இலக்க றைபிள்கள். இரண்டாம் உலகப் போரின்போது ரொறன்ரோ நகருக்கு மேற்கே லோங் பிராஞ்ச் என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலையில் இவ்வகை றைபிள்கள் 9 இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்டன. இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் மிசிசாகா நகரின் எல்லைக்குள் அவ்விடம் அடங்குகின்றது. போர் முடிந்தபின் இவை மலிந்த விலைக்கு விற்கப்பட்டு வேட்டைக்காரர் கைக்கு வந்தன. 1947ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கனடிய ரேஞ்சர் படையினர், உறைபனி மூடிய வடபுலத்திலே பல தசாப்தங்களாக இதனையே ஏந்தினர்.

"தொழிற்சாலையில் ஆக்கிய பொருளாயின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டுமே?" என்று கேட்கத் தோன்றும். அக்கொள்கை பழையது. 1785ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு வினைஞர் ஒனோரே பிளாங்க் என்பவரின் பட்டறைக்கு, அமெரிக்கத் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன் சென்றார். குவியலாகக் கிடந்த உறுப்புகளுள் கைக்கு வந்தவற்றை எடுத்து அவரே துவக்கின் சுடுபொறிகளை இணைத்துப் பார்த்து வியந்தார். அக்கொள்கை பெரும் ஆலைகளில் நிறைவேற மேலும் பல ஆண்டுகள் சென்றன. எனினும், ஆணிகளையும் விற்சுருள்களையும் மாற்றிப் பூட்டலாம் என்ற காலம் வந்த பின்னரும், தாழை மட்டும் அந்தந்தத் துவக்குக்கே பொருத்தி இலக்கமிடும் வழக்கம் நீடித்தது.

ஒரு தபாலட்டையின் கனம்

காரணம் இதுதான். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன் அடிப்பகுதியை வாயுவின் அழுத்தம் பின்னோக்கித் தள்ளும். பின்னே தாங்கி நிற்பது தாழின் முகமே. தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் தாழின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மிகுந்தால், அடிப்பகுதி பின்னே நகர இடமுண்டாகும். கூடு நீண்டு, அடிக்கு அருகே குறுக்காகக் கிழியும். சுடுபவருடைய முகத்துக்கு நேரே வெப்ப வாயு பாயக்கூடும்.

இவ்வகை றைபிளில் அந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையவும் 0.074 அங்குலத்தை எட்டவும் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீற்றர். ஏறத்தாழ ஒரு தபாலட்டையின் கனம். இதனைச் சரிசெய்யவே தாழின் தலையுறுப்பு 0, 1, 2, 3 என நான்கு அளவுகளில் ஆக்கப்பட்டது. மேலும், தாழின் பிடிகள் உடற்பகுதியில் இரு புறமும் ஒப்ப அழுந்துமாறு பொருத்திய பின்னரே, துவக்கின் இலக்கம் தாழின் கைப்பிடியிற் பொறிக்கப்பட்டது. ஆகவே, இலகுவாக மூடுவது நன்றாகப் பொருந்தியதற்குச் சான்று ஆகாது; இடைவெளி மிகுந்திருப்பதனாலும் அது இலகுவாக மூடலாம்.

செய்யத்தக்கவை

துவக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாற் பார்த்தும் விரலாற் தொட்டும் உறுதிசெய்தல் முதற் கடமை. துடைக்கும்போது ஒன்றைப் பூட்டி முடித்த பின்னரே அடுத்ததைக் கழற்றல் வேண்டும். ஒவ்வொரு தாழையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு, துவக்கின் இலக்கம் எழுதிய துண்டைக் கட்டி, ஒரு குறிப்பேட்டிலும் பதிந்து வைக்க வேண்டும். தோற்பையில் நெடுநாள் வைத்தால் ஈரம் பற்றித் துருவேறும். குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்த துவக்கில் நீர் படியும். அதனைத் துடைத்து உலர்த்தாமல் அலுமாரியில் வைத்தலாகாது. எண்ணெய் மெல்லிய பூச்சாக இருத்தல் போதும். மிகுந்தால் வழிந்து மரக்கட்டையைப் பழுதாக்கும். திறப்பு இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரிதல் ஒருபோதும் ஆகாது.

நம் நாட்டிலும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ், பயிர்காவலுக்காக உரிமம் பெற்றுத் துவக்கு வைத்திருப்போர் உளர். குழலும் முன்கட்டையும் கழலும் இரட்டைக்குழற் துவக்குக்கும் இதே விதி பொருந்தும். அவ்வுறுப்புகளிற் பொறித்த இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு நிமிட வேலையே.

கடிதத்தின் முடிவு

என் மாணவர் உரிமம் பெற்ற துவக்கு வினைஞர் ஒருவரிடம் அனைத்தையும் கொண்டு சென்றார். இரண்டு தாழ்களின் இலக்கங்கள் இரண்டு றைபிள்களோடும் ஒத்திருந்தன. மூன்றாவது வேறெங்கோ இருந்து வந்தது. வினைஞர் அளவுகருவியை இட்டு மூன்றையும் சோதித்தார். மூடக்கூடாத அளவிலும் தடையின்றி மூடிய தாழ் ஒன்று இருந்தது. என் மாணவர் இலகுவானது என்று தெரிந்தெடுத்த தாழ் அதுவே.

"அன்று மாலையே வயலுக்குச் சென்று சுட்டுப் பார்க்க எண்ணியிருந்தேன், ஐயா. என் மகனும் கூட வருவதாகச் சொன்னான்" என்று அவர் இரண்டாம் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை வாசித்தபின் சிறிது நேரம் நான் பேசாமல் இருந்தேன்.

முதியவர் பூட்டும் இட்டார், தாழையும் கழற்றினார், எண்ணெயும் பூசினார். இலக்கம் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை மட்டும் கட்டாது விட்டார். தமக்குத் தெரியும் என்பதனால் அது வேண்டியதில்லை என்று கருதியிருப்பார். ஆனால், நாம் பூட்டி வைக்கும் பொருளை நாமே திறப்போம் என்பது நிச்சயமன்று. நமக்குப் பின் திறப்பவருக்கும் விளங்குமாறு வைப்பதே பாதுகாப்பு என்க.