தமிழர் ஜப்பானிய மொழியைத் தாமே கற்றல்

ஜப்பானிய மொழியைத் தாமே கற்றல் என்பது, ஆசிரியரோ வகுப்பறையோ இன்றி, பாடநூல், ஒலிப்பதிவு, கணினி ஆகியவற்றின் துணையுடன் ஒருவர் அம்மொழியைப் பயில்வதைக் குறிக்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு பெரிதும் பழக்கமான ஒன்றாகும். அதன் எழுத்து முறையும் வல்லின ஒலிகளின் வேறுபாடுமே புதியவை. ஆனால் தமிழ்நாட்டில் தொடக்க நிலையினர் பயன்படுத்தும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கம் கொண்டவை. ஆகவே தமக்கு எளிதானவற்றைக் கடினமானவை என்றும், உண்மையில் இடறக்கூடியவற்றைச் சிறியவை என்றும் கற்பவர் எண்ணிவிட வாய்ப்புண்டு.

இக்கட்டுரையில் ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. இவற்றின் ஒலிப்பு அண்ணளவானது.

பின்னணி

ஊரப்பாக்கம், சென்னையின் தெற்குப் புறநகரில், தாம்பரம் - செங்கல்பட்டு தொடர்வண்டித் தடத்தில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே அமைந்துள்ளது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஒரகடம் தொழிற்பகுதி உள்ளது. இங்கு ரெனோ-நிசான் கூட்டு நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிற்சாலை 2010 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதிலுள்ள தன் பங்கை ரெனோவுக்கு விற்க நிசான் 2025 இல் உடன்பட்டது. கோமாட்சு, யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளும் இவ்வட்டாரத்தில் உள்ளன. இந்தியத் தொழிலாளர்கள் ஜப்பானில் பணிபுரிவது தொடர்பாக இரு நாட்டு அரசுகளும் 2017 இலும் 2021 இலும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன. இவை ஜப்பானிய மொழியறிவுக்கு ஒரு பயன்மதிப்பை அளித்துள்ளன.

சென்னையில் ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் நெடுங்காலமாக ஜப்பானிய மொழியைக் கற்பித்து வருகிறது. எனினும் முறைப்பணி செய்வோருக்கும் தொலைவிலுள்ள புறநகர்களில் வாழ்வோருக்கும் நகரத்து வகுப்புகளுக்குத் தவறாமல் செல்வது அரிது. இத்தகையோருக்குத் தாமே கற்றல் ஒரு வழியாகும்.

தமிழ் துணைசெய்யும் இடங்கள்

சொல் ஒழுங்கு: இரு மொழிகளிலும் வினைச்சொல் இறுதியில் வரும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வரும். 'ஊரப்பாக்கம் கரா தாம்பரம் மதே தென்ஷா தே இகிமாஸ்' என்னும் வாக்கியத்தை, 'ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை தொடர்வண்டியில் போகிறேன்' எனச் சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் பெயர்க்கலாம். இங்கு 'கரா' இருந்து என்பதையும், 'மதே' வரை என்பதையும், 'தே' இல் என்பதையும் குறிக்கின்றன. இதே வாக்கியத்தை ஆங்கிலம் வழியே புரிந்துகொள்ள முயல்பவர் அதை இருமுறை தலைகீழாக்க வேண்டியுள்ளது.

வினையெச்சமும் துணைவினையும்: ஆங்கிலப் பாடநூல்கள் பல பாடங்களில் பிரித்து விளக்கும் 'தே வடிவம்' தமிழின் வினையெச்சத்திற்கு இணையானது. 'யொமு' (படி) என்னும் வினையின் எச்சம் 'யொந்தே' (படித்து) ஆகும். இதனோடு துணைவினைகள் சேரும் முறை பின்வருமாறு:

யொந்தே இரு - படித்துக்கொண்டிரு
யொந்தே மிரு - படித்துப் பார்
யொந்தே ஒகு - படித்து வை
யொந்தே ஷிமாவு - படித்துவிடு
யொந்தே குரெரு - (எனக்குப்) படித்துத் தா

'மிரு' என்பதற்குத் தனியே 'பார்' என்றும், 'ஒகு' என்பதற்குத் தனியே 'வை' என்றும் பொருள். 'முயன்று பார்த்தல்', 'முன்கூட்டியே செய்து வைத்தல்' ஆகிய கருத்துகளை இவ்வினைகளால் உணர்த்துவது தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத வழக்கமாகும்.

இடைச்சொற்கள்: 'மோ' என்பது தமிழின் 'உம்' போன்றது. 'வதாஷி மோ' என்றால் நானும், 'யொந்தே மோ' என்றால் படித்தாலும். 'தோ' என்பது 'என்று' போன்றது. வினாவைக் குறிக்கும் 'கா' வாக்கிய இறுதியில் வந்து தமிழின் ஆகார வினாவைப் போல் இயங்குகிறது.

சுட்டு: 'கொரே, சொரே, அரே, தொரே' என்பன முறையே இது, உது, அது, எது என்பவற்றுக்கு ஒப்பானவை. கேட்பவர் அருகிலுள்ள பொருளைக் குறிக்கும் 'உது' யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. எனவே சென்னை வட்டாரத்தவர் 'சொரே' வரவேண்டிய இடத்தில் 'அரே' என்று கூறிவிடுவதுண்டு.

எழுத்து வரிசை: ஜப்பானிய அசையெழுத்துகளின் அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்ற உயிர்களையும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்ற வரிசைகளையும் கொண்டது. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர். பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய எழுத்திலக்கண மரபே இவ்வரிசைக்குக் காரணமாகும். தமிழ் நெடுங்கணக்கை அறிந்தவர் ஜப்பானிய அகராதியில் சொல் தேடுவதை விரைவில் பழகிக்கொள்ளலாம்.

இடர்ப்பாடுகள்

வல்லின ஒலிகள்: தமிழில் க, த, ப ஆகிய எழுத்துகள் இடத்திற்கேற்ப வேறு வேறாக ஒலித்தாலும் பொருள் மாறுவதில்லை. ஜப்பானிய மொழியில் பொருள் மாறும். 'கின்' என்பதன் ககரத்தைக் 'கடல்' என்பதிற்போல் ஒலித்தால் தங்கம். 'தங்கம்' என்பதிற்போல் அதிர்வுடன் ஒலித்தால் வெள்ளி. 'தைககு' என்பதன் தகரத்தைத் 'தலை' என்பதிற்போல் ஒலித்தால் படிப்பைக் கைவிடுதல். 'பந்து' என்பதிற்போல் ஒலித்தால் பல்கலைக்கழகம். தமிழில் எழுதினால் இவ்விணைகள் ஒன்றாகிவிடுகின்றன. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்பவர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே இழக்கிறார். பிழையைச் சுட்ட ஆசிரியரும் இல்லாததால் அது பழக்கமாகிவிடுகிறது. தமிழ் எழுத்துக்குறிப்பை விட்டு, ஹிரகானா, கடகானா ஆகிய இரு அசையெழுத்து முறைகளையும் முதல் சில வாரங்களிலேயே கற்றுக்கொள்வது இதற்குத் தீர்வாகும். இவை ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள் உள்ளன.

குறில்-நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் தமிழருக்கு இயல்பானவை. 'பிரு' (கட்டடம்), 'பீரு' (பியர்) ஆகியவற்றையோ, 'கிதே' (வந்து), 'கித்தே' (அஞ்சல்தலை) ஆகியவற்றையோ பிரித்தறிவது கடினமன்று. ஆயினும் மாத்திரைக் கணக்கு சற்று வேறானது. தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியில் அது முழு மாத்திரை பெறும். 'நிப்பொன்' என்னும் சொல் நான்கு மாத்திரை கொண்டது.

கஞ்சி: சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் கஞ்சி எனப்படுகின்றன. பொதுப் பயன்பாட்டிற்கென 2010 இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. ஒரே எழுத்துக்குப் பல ஒலிப்புகள் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்து தனித்து வரும்போது 'யமா' என்றும், ஃபூஜி மலையின் பெயரில் 'சன்' என்றும் ஒலிக்கப்படுகிறது. தனியே 'மலை' என்பவர் 'நீலகிரி' என்னும்போது 'கிரி' என்ற வடசொல்லைப் பயன்படுத்துவதுடன் இதனை ஒப்பிடலாம். எழுத்தைத் தனியே மனப்பாடம் செய்வதைவிட, அது இடம்பெறும் சொற்களோடு சேர்த்துக் கற்பது பயனுள்ளது.

இலக்கண வேறுபாடுகள்: ஜப்பானிய வினைகள் திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. போகிறேன், போகிறாள், போகிறார்கள் அனைத்தும் 'இகிமாஸ்' என்றே வரும். 'வா', 'கா' என்னும் இரு இடைச்சொற்களுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. 'வதாஷி கா' என்பது சில இடங்களில் 'நான்தான்' என்ற பொருள் தரும். பொருள்களின் வடிவத்திற்கேற்ப எண்ணுச்சொற்களும் மாறுகின்றன. மரியாதை வழக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழர் தம் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அவர்' என்றே குறிப்பிடுவர். ஜப்பானிய அலுவலகத்தில் வெளியாரிடம் பேசும்போது, தம் மேலாளரின் பெயரோடு சேர்க்கும் 'சான்' என்னும் மரியாதை ஒட்டைத் தவிர்ப்பதே முறையாகும்.

கற்கும் முறையும் தேர்வும்

'மின்னா நோ நிஹொங்கோ', 'கெங்கி' ஆகியன பரவலாகப் பயன்படும் தொடக்கப் பாடநூல்கள். ஜப்பான் அறக்கட்டளை வெளியிட்ட 'இரோதோரி' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இடைவெளி விட்டுச் சொற்களை மீளக் காட்டும் 'அங்கி' என்னும் மென்பொருள் 2006 இல் வெளியானது. இதன் பெயரே மனப்பாடம் எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லாகும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 இல் தொடங்கப்பட்டது. 2010 முதல் இது என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளைக் கொண்டுள்ளது. தொடக்க நிலையான என்5 இல் தேர்ச்சி பெற 180 இல் 80 மதிப்பெண் தேவை. அத்துடன் எழுத்துத் தாளில் 120 இல் 38 உம், கேட்டல் பகுதியில் 60 இல் 19 உம் பெறவேண்டும். 2010 க்கு முன்பிருந்த இதற்கிணையான நான்காம் நிலைக்கு ஏறத்தாழ 100 கஞ்சிகளும் 800 சொற்களும் 150 மணிநேரப் பயிற்சியும் அளவாகக் கூறப்பட்டன. சென்னையும் தேர்வு மையங்களுள் ஒன்றாகும்.

இத்தேர்வில் பேச்சுத் திறன் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே தாமே கற்றவர் தேர்ச்சி பெற்ற பின்னும் நேர்காணலில் பேச இயலாமல் போகலாம். ஒலிப்பதிவைக் கேட்டு உடனுக்குடன் உரக்கச் சொல்லுதல், தம் குரலைப் பதிந்து ஒப்பிடுதல், வாய்ப்புள்ள போது அறிந்தவரிடம் திருத்தம் பெறுதல் ஆகியவை இக்குறையை ஓரளவு போக்கும்.

தமிழ்-ஜப்பானிய உறவுக் கொள்கை

ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919-2008), தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் நெருங்கிய உறவு உண்டென்ற கொள்கையை முன்வைத்தார். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களான அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் இணைந்து ஆய்வு செய்தனர். இக்கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மேற்கூறிய அமைப்பு ஒற்றுமைகள் பல கொரிய, துருக்கிய மொழிகளிலும் காணப்படுகின்றன.

தனிச்சொற்களின் ஒலி ஒற்றுமையும் ஏமாற்றக்கூடியது. 'இரு' என்னும் ஜப்பானிய வினை தமிழ் 'இரு' போலவே ஒலித்து அதே பொருளைத் தருகிறது. ஆனால் அதன் பழைய வடிவம் 'விரு' என்பதாகும். கற்பவர் இத்தகைய ஒற்றுமைகளை நினைவில் வைக்கும் உத்தியாகக் கொள்ளலாம். அறியாத சொற்களின் பொருளை அவற்றைக் கொண்டு ஊகித்தல் கூடாது. இரு மொழிகளும் உறவுடையனவோ அல்லவோ, வாக்கிய அமைப்பில் உள்ள ஒப்புமை கற்பவருக்குப் பயன்தருவது என்பதில் ஐயமில்லை.