பற்றைக்காட்டுக்குள் மரம் புகுந்தால் குருவிகள் என்னாகும்?

மரம் நடுவது நல்ல காரியம் என்பதில் எம்மில் எவருக்கும் ஐயமில்லை. மாரி தொடங்கியதும் பங்குகளிலும் பாடசாலைகளிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மரக்கன்றுகள் வழங்கப்படுகின்றன. கன்றுகள் வந்து சேர்ந்ததும் எழும் முதற் கேள்வி, "எங்கே நடுவது?" என்பதாகும். அப்போது எமது கண் போவது பெரும்பாலும் தரவைக்கும் வெட்டைக்கும் பற்றைக்காட்டுக்குமே. "அது சும்மா கிடக்கிற நிலந்தானே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

அந்த நிலம் உண்மையில் சும்மா கிடக்கிறதா? மரம் இல்லாத இடமெல்லாம் மரத்துக்காகக் காத்திருக்கும் இடமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு நல்ல வழி, அங்கே வாழும் சிறு குருவிகளைக் கவனிப்பதாகும்.

பற்றைக்காட்டின் குடிகள்

சூரை, கிளா, காரை, ஆவரசு, ஈச்சை என்று இடுப்பளவிலும் தலையளவிலும் வளரும் செடிகளும், அவற்றிடையே புல்லும் வெறும் மணலும் கலந்து கிடப்பதே எமது வரண்ட பிரதேசத்துப் பற்றைக்காடு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பாழ்நிலமாகத் தோன்றும். ஆனால் ஆடுமாடு மேய்ப்பவருக்கும், விறகு பொறுக்கும் பெண்களுக்கும், கிளாப்பழமும் ஈச்சம்பழமும் தேடித் திரியும் சிறுவருக்கும் அதன் பயன் தெரியும்.

குருவிகளுக்கும் அது தெரியும். வானம்பாடி மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த வெளியில், ஒரு புற்கொத்தின் ஓரத்தில், தரையிலேயே முட்டையிடுகிறது. பாடுவதற்கும் அதற்குக் கிளை வேண்டியதில்லை. வானத்தில் எழும்பிப் பாடிக்கொண்டே இறங்குகிறது. கதிர்க்குருவி தாழ்ந்த பற்றைக்குள் இலைகளையும் நாரையும் கொண்டு கூடு அமைக்கிறது. கீச்சான் முட்செடியின் உச்சியில் அமர்ந்து, வெட்டையில் ஓடும் வெட்டுக்கிளியைக் குறிபார்க்கிறது. நீண்ட வாற் கீச்சானை இலங்கையில் காண்பதற்கு மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வடபகுதிக்கே வரவேண்டும். பாடும் பறவை அல்லாவிடினும் எம்மவர் நன்கறிந்த கவுதாரியும் புத்தளம் தொடக்கம் யாழ்ப்பாணம் வரையுள்ள வரண்ட கரையோரத்தை ஒட்டியே வாழ்கிறது.

இவை யாவற்றுக்கும் வேண்டியது தாழ்ந்த செடியும் திறந்த நிலமுமாகும். உயர்ந்த மரங்கள் நெருங்கி வளர்ந்தால் இவற்றின் வீடு மெல்ல மெல்ல இன்னொருவர் வீடாகிவிடுகிறது.

தூரதேசத்து அனுபவம் ஒன்று

இவ்விடயம் மிக விரிவாக ஆராயப்பட்ட இடம் அமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். ஒரிகன், நெவாடா, ஐடஹோ, யூட்டா, வயோமிங் முதலிய மாநிலங்களில் மழை குறைந்த பெரும் சமவெளிகள் உள்ளன. எமது மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த, சாம்பல் நிற இலையும் மணமும் கொண்ட ஒரு செடி அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வளர்ந்திருக்கிறது. அதனைச் சேஜ் என்பர். இச்செடியையே நம்பி வாழும் சிறு பறவைகள் பல. புரூவர் குருவி அவற்றில் ஒன்று. அது சேஜ் செடியின் உள்ளே கூடு கட்டி, அதன் உச்சியில் அமர்ந்து நீண்ட நேரம் பாடும்.

அந்நாட்டின் பழைய ஜுனிப்பர் மரங்களும் பினியன் பைன் மரங்களும் முன்னர் பெரும்பாலும் பாறைப்பாங்கான சரிவுகளிலேயே நின்றன. சமவெளியில் இடைக்கிடை மூளும் புல்தீ, அங்கே முளைக்கும் இளமரங்களை அழித்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஏராளமான ஆடுமாடுகளுடன் வந்தனர். புல் அளவுக்கு மிஞ்சி மேயப்பட்டது. புல் இல்லாததால் தீ பரவவில்லை. பின்னர் பரவிய தீயையும் மனிதர் அணைத்தனர். காலநிலையும் மரங்களுக்கு வாய்ப்பாயிற்று. ஜுனிப்பர் பழத்தைத் தின்ற பறவைகளே அதன் விதைகளை எங்கும் கொண்டுசென்றன. இவ்வாறு மரங்கள் சரிவிலிருந்து இறங்கிச் சமவெளிக்குள் வந்தன. கிழக்கு ஒரிகனில் 1936க்கும் 1988க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜுனிப்பர்க் காட்டின் பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று.

எவரும் தீங்கு நினைத்து இதனைச் செய்யவில்லை. மரம் பெருகுவதைக் கண்டு அஞ்சியவரும் சிலரே. ஒவ்வொரு ஆண்டும் சிறிது சிறிதாக நடக்கும் மாற்றம், ஒரு தலைமுறை கடந்த பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது.

குருவிகள் விலகுவது ஏன்?

மரம் வந்தால் குருவிக்கு மேலும் ஒரு கிளைதானே கிடைக்கிறது என்று நாம் எண்ணலாம். நடப்பது வேறு.

முதலாவதாக, மரத்தின் வேர் ஆழமாகவும் அகலமாகவும் சென்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மழை குறைந்த இடத்தில் இது பெரிய இழப்பு. மரங்கள் நெருங்க நெருங்கக் கீழேயுள்ள செடி காய்ந்து, புல் அருகி, இறுதியில் மரமும் வெறும் நிலமுமே எஞ்சுகின்றன. கூடு கட்டும் செடியும், புழுபூச்சி வாழும் புல்லும் ஒருங்கே போய்விடுகின்றன.

இரண்டாவதாக, உயர்ந்த மரம் எதிரிக்கு ஒரு காவற்கோபுரம். காகமும் பருந்தும் அங்கிருந்து சுற்றிலும் நோக்குகின்றன. தாய்க்குருவி இரையுடன் எந்தச் செடிக்குள் நுழைகிறது என்பதைக் கண்டுகொண்டால் கூடு தப்பாது. திறந்த வெளிக்குப் பழகிய பறவை, மரம் நிற்கும் இடத்தையே ஆபத்தான இடமாகக் கருதி விலகிச் செல்கிறது.

இதற்கு மிகச் சில மரங்களே போதும். அதே சமவெளியில் வாழும் சேஜ் கோழி என்ற பெரிய தரைப்பறவையைப் பற்றி ஒரிகனில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. நிலப்பரப்பில் 4 சதவீதத்துக்கு மேல் மரங்கள் மூடிய இடங்களில், சேவல்கள் கூடி ஆடும் களம் ஒன்றேனும் தொடர்ந்து இருக்கவில்லை. நூறு பாகத்தில் நான்கு பாகம் என்பது எமது கண்ணுக்குக் காடே அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்களே. பறவையின் கணக்கு எமது கணக்கன்று.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மரம் புகுந்த நிலத்தில் பறவைகள் இல்லாமற் போவதில்லை. வேறு பறவைகள் வருகின்றன. எண்ணிக்கை கூடவுஞ் செய்யலாம். ஆனால் வருபவை மரம் உள்ள எவ்விடத்திலும் வாழக்கூடியவை. போகின்றவை வேறு போக்கிடம் இல்லாதவை.

மரத்தை அகற்றியபின் நடந்தது

2010ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உதவியுடன், பண்ணையாளர்கள் தாமாக முன்வந்து தமது நிலங்களில் புதிதாகப் புகுந்த மரங்களை அகற்றத் தொடங்கினர். சேஜ் கோழியைக் காப்பதே முதல் நோக்கம். மேய்ச்சற் புல் மீண்டும் வளரும் என்பதால் பண்ணையாளருக்கும் அது நன்மையாயிற்று. தெற்கு ஒரிகனில் ஜுனிப்பர் வெட்டப்பட்ட இடங்களை ஆராய்ந்தபோது, சில ஆண்டுகளுக்குள்ளேயே புரூவர் குருவியின் தொகை இரு மடங்குக்கு மேலாகியிருந்தது. கோழிக்காகச் செய்த வேலையில் குருவியும் பிழைத்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பினியன் ஜே என்ற நீலநிறப் பறவை பினியன் பைன் விதையை நம்பி வாழ்கிறது. விதைகளை மண்ணில் புதைத்து வைத்து, மறந்தவற்றால் புதிய மரங்களை உண்டாக்குவதும் அதுவே. அப்பறவையின் தொகை கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் குறைந்துவிட்டது. பழங்குடி மக்களான சோசோனியரும் பையூட்டியரும் தலைமுறை தலைமுறையாக அவ்விதைகளைச் சேகரித்து உண்டவர்கள். ஆகவே பழைய மரத்தையும் புதிய மரத்தையும் பிரித்தறியாமல் வெட்டினால், ஒரு குருவியைக் காக்கப்போய் இன்னொன்றை இழக்க நேரும். வெட்டிக் கிளறிய நிலத்தில் அந்நியப் புல் புகுந்து, கடுந்தீக்கு வழிசெய்வதும் உண்டு.

எமது கரையோரத்தில்

இதேபோன்ற மாற்றம் எமது நாட்டிலும் நடக்கிறது. ஆனால் இங்கே வந்தது பக்கத்துச் சரிவில் நின்ற மரமன்று. கடல் கடந்து கொண்டுவரப்பட்டது. சீமைக்கருவேல் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளுக்கு உரியது. 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில், உப்பேறிய மண்ணைச் சீராக்கும் நல்ல நோக்கத்துடன் அது நடப்பட்டது. உப்பையும் வரட்சியையும் தாங்கும் அம்மரம் நடப்பட்ட இடத்தில் நிற்கவில்லை. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டு, 1993இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட பூந்தலவுக்குள் அது பரந்து, பற்றைக்காட்டையும் களப்போரத்தையும் மூடியது. மன்னார்க் கரையோரத்திலும் இன்று அதனைக் காண்கிறோம். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலைப் பகுதிக்கும் அது ஒரு பிரச்சினையாகும்.

அது பரவும் விதம் எமது மேய்ப்பருக்குத் தெரிந்ததே. ஆடும் மாடும் அதன் இனிப்பான காய்களை விரும்பித் தின்கின்றன. கடினமான விதை சமிக்காமல் சாணத்துடனும் புழுக்கையுடனும் வெளிவந்து, பசளையோடு சேர்ந்தே முளைக்கிறது. மேலால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பி, ஒரு மரம் ஒரு முட்புதராகிவிடும். அது நெருங்கி வளர்ந்த இடத்தில் நிழலுக்குக் கீழே புல் மிகக் குறைவு. வானம்பாடிக்குத் தரையில்லை, கீச்சானுக்கு வேட்டைவெளியில்லை, மாட்டுக்கு மேய்ச்சலுமில்லை. குருவி இழக்கும் அதே நிலத்தைத்தான் மேய்ப்பரும் இழக்கிறார்.

போரினால் மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வடக்கில் எத்தனையோ காணிகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. 2009க்குப் பின்னர் திரும்பி வந்தவர்கள் தமது வளவும் வயலும் காடாகி நிற்கக் கண்டனர். அவற்றைத் துப்புரவாக்கும் உரிமை அவர்களுக்குண்டு. அதே வேளை, சீமைக்கருவேலும் சூரைப்பற்றையும் ஒன்றல்ல என்பதை அறிந்து துப்புரவாக்குவது நன்று.

நாம் செய்யக்கூடியவை

1. மரநடுகைக்கு இடம் தெரிவுசெய்யுமுன் ஊரின் முதியவர்களையும் மேய்ப்பர்களையும் கேளுங்கள். அவ்விடத்தில் முன்பு மரம் நின்றதா, அல்லது அது எக்காலமும் தரவையாகவே இருந்ததா என்பதை அவர்கள் அறிவார்கள்.

2. காலையில் இரண்டொரு நாள் சென்று அங்கே என்ன குருவிகள் உள்ளன, எங்கே கூடு கட்டுகின்றன என்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

3. வீட்டு வளவு, பாடசாலை, ஆலய வளாகம், வீதியோரம், குளக்கட்டின் அயல் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பனை, வேம்பு, புளி முதலிய பழகிய மரங்களை நடுங்கள்.

4. சீமைக்கருவேலை இளங்கன்றாக இருக்கும்போதே மழைக்குப் பின் வேருடன் பிடுங்குங்கள். வளர்ந்த மரத்தை மண்ணுக்குக் கீழே அடிக்கட்டையோடு தோண்டி எடுக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட காணியில் மாத்திரமே தோண்டுங்கள்.

5. வெட்டிய மரத்தை வீணாக்க வேண்டாம். அது நல்ல விறகு; நல்ல கரியும் ஆகும். சங்கமாகச் சேர்ந்து செய்தால் சில குடும்பங்களுக்கு வருமானம் கிடைக்கும். ஆனால் அந்த வருமானத்துக்காகவே மரத்தை மீண்டும் துளிர்க்கவிட்டால் வேலை வீணாகும்.

6. காய் முற்றிய காலத்தில் ஆடுமாடுகளை அம்மரங்களிடையே மேயவிட்டு, பின்னர் நல்ல தரவைக்கு ஓட்டிச் செல்வதைத் தவிருங்கள்.

7. பற்றைகளில் கூடுகள் உள்ள காலத்தில் துப்புரவு வேலையை ஒத்திவையுங்கள். சரணாலயத்திலும் ஒதுக்கக் காடுகளிலும் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றி எதையும் வெட்டாதீர்கள்.

படைப்பில் சும்மா கிடப்பது என்று ஒன்றில்லை. விலைமதிப்பற்றதென்று மனிதர் தள்ளும் சிறு குருவியையும் தந்தை மறப்பதில்லை என்று ஆண்டவர் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "லௌதாத்தோ சி" சுற்றுமடலும், ஒவ்வோர் உயிரினத்துக்கும் மனிதருக்குப் பயன்படுவதற்கு அப்பால் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்பதை வலியுறுத்துகிறது. மரம் நடும் கை நல்ல கை. அக்கை மண்வெட்டியை எடுக்குமுன், அந்நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர் யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மாரிக்கு உங்கள் ஊருக்குக் கன்றுகள் வரும்போது, சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை முதலில் எழுப்புங்கள்.