பெயரின் ஒலியும் பாத்திரத்தின் சாயலும்

வானொலி நாடகத்துக்குத் திரை இல்லை; ஒப்பனை இல்லை; உடையலங்காரமும் இல்லை. ஒரு பாத்திரம் கேட்போரிடம் வந்து சேரும்போது அதனுடன் வருவன இரண்டே. ஒன்று குரல், மற்றது பெயர். பல வேளைகளிற் குரலுக்கும் முன்னதாகப் பெயரே வந்துவிடுகின்றது. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னவுடனே, அப் பெயருக்குரியவர் வாய் திறக்கும் முன்பே, வானொலிப் பெட்டியின் அருகில் இருப்பவர் மனத்தில் ஒரு முகம் எழுகின்றது. அம் முகம் மெலிந்ததா பருத்ததா, கனிவுடையதா கடுமையுடையதா என்பதையும் மனம் ஓரளவு தீர்மானித்துவிடுகின்றது. ஆசிரியர் ஒரு சொல்லாலும் வருணிக்காத நிலையில் இத் தீர்மானம் எங்கிருந்து பிறந்தது? பெயரின் பொருளிலிருந்தா, பழக்கத்திலிருந்தா, அன்றி வெறும் ஒலியிலிருந்தா?

இவ் வினா புதியதன்று. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ ‘கிராத்திலஸ்’ என்னும் உரையாடலில் இதனையே ஆராய்கின்றார். பெயர் என்பது மக்கள் தம்முள் உடன்பட்டு வைத்துக்கொண்ட அடையாளமே என்று ஒருவர் வாதிடுகின்றார். பொருளின் இயல்புக்கேற்ற பெயரே உண்மைப் பெயர் என்று மற்றவர் மறுக்கின்றார். இருவருக்கும் நடுவில் நின்ற சோக்கிரதர், நாவை நடுங்கச் செய்யும் ரகரம் அசைவைக் குறிக்க ஏற்றது என்றும், நா வழுக்கிச் செல்லும் லகரம் வழுவழுப்பைக் குறிக்க ஏற்றது என்றும் காட்டுகின்றார். ஆயினும், ஒலி ஒன்றே போதாது. வழக்கமும் வேண்டும் என்பதை அவர் இறுதியில் ஒப்புக்கொள்கின்றார்.

தமிழ் இலக்கணிகளும் இதனை அறியாதவர்கள் அல்லர். மெய்யெழுத்துக்களை வகுத்தபோது வல்லினம், மெல்லினம், இடையினம் என்றே பெயரிட்டார்கள். வன்மையும் மென்மையும் கையினால் தொட்டு அறியும் பண்புகள். காதினாற் கேட்கும் ஒலிக்கு அவற்றையே பெயராக்கியதில், ஒரு புலனின் அனுபவம் இன்னொரு புலனோடு கலக்கும் உண்மை அடங்கியிருக்கின்றது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் மெல்லிசை வண்ணமும் இடம்பெறுவது, இவ்வுணர்வு செய்யுளிலும் பயன்பட்டதற்குச் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் உளநூலார் இதனைச் சோதனை செய்து பார்த்தனர். 1929ஆம் ஆண்டில் எட்வேர்ட் சபீர் என்னும் அமெரிக்க மொழிநூலறிஞர், ‘மில்’, ‘மல்’ என்னும் பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, ஒன்று பெரிய மேசை, மற்றது சிறிய மேசை. எது எதற்குப் பெயர் என்று வினவினார். ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேர் ‘மல்’ என்பதையே பெரிய மேசைக்குச் சூட்டினர். அதே ஆண்டில் வொல்ப்காங் கோலர் என்னும் ஜெர்மானிய உளநூலறிஞர் இரு கோட்டுருவங்களை வெளியிட்டார். ஒன்று கூரிய முனைகள் உடையது. மற்றது வளைந்து உருண்டது. ‘தக்கேட்டே’, ‘பலூமா’ என்ற பெயர்களை இவற்றுக்குப் பொருத்தச் சொன்னால், பெரும்பாலோர் தயங்காமற் கூர்மைக்குத் ‘தக்கேட்டே’ என்பதையே கொடுத்தனர். 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் ‘பலூமா’ என்பதை ‘மலூமா’ என மாற்றினார்.

தமிழகத்திற் பிறந்த நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், தம் துணைவர் ஹபார்டுடன் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் இச் சோதனைக்குப் புத்துயிர் அளித்தார். ‘கிக்கி’ கூரிய உருவம், ‘பூபா’ உருண்ட உருவம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமற் கூறினர் என்பது அவர்களுடைய முடிவு. 2003ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியிற் சொற்பொழிவாற்றியபோது, ஆங்கிலம் அறியாத தமிழரும் அவ்வாறே விடையிறுத்தனர் என்று இராமச்சந்திரன் எடுத்துரைத்தார். எனவே, ஆங்கில எழுத்துக்களின் வடிவைப் பார்த்து எழுந்த மயக்கம் இது என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னர், இருபத்தைந்து மொழிகளைப் பேசும் 917 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு எழுபத்திரண்டு விடைகள் இவ்வழியே அமைந்தன எனக் கண்டது. ஆனால் எல்லா மொழிகளிலும் அது ஒரே அளவினதாக இருக்கவில்லை. சில மொழியினரிடம் தெளிவாகவே தோன்றவில்லை. ஆகவே, இஃது ஒரு வலிய சாய்வேயன்றி, மாறாத விதி அன்று.

இச் சாய்வுக்குக் காரணம் யாது? ‘ஈ’ என்று ஒலிக்கும்போது நா முன்னோக்கி மேலெழுந்து வாயின் இடத்தைச் சுருக்குகின்றது. ‘ஆ’ என்று ஒலிக்கும்போது வாய் அகன்று திறக்கின்றது. சிறிய அறையிற் பிறக்கும் ஒலி உயர்ந்தும், பெரிய அறையிற் பிறக்கும் ஒலி தாழ்ந்தும் இருப்பது இயற்கை. கோழிக்குஞ்சின் குரலையும் யானையின் குரலையும் கேட்டுப் பழகிய காதுக்கு, உயர்ந்த ஒலி சிற்றுருவையும் தாழ்ந்த ஒலி பேருருவையும் நினைவூட்டுவதில் வியப்பில்லை. அதுபோலவே, க, ட, த, ப முதலிய வல்லொலிகள் மூச்சை முற்றாக அடைத்துத் திடீரென விடுவதாற் பிறக்கின்றன. ம, ன, ல முதலியனவோ தடையின்றித் தொடர்ந்து செல்லக்கூடியவை. முன்னையது முறிந்த கோட்டையும் பின்னையது வளைந்த கோட்டையும் ஒக்கும்.

எழுத்தாளர்கள் இவ்விரகசியத்தைச் சோதனைச்சாலைக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1726இல் வெளியான ‘கலிவரின் யாத்திரைகள்’ என்னும் நூலில் ஜொனதன் ஸ்விவ்ற், ஆறங்குல மனிதர் வாழும் தேசத்துக்கு ‘லில்லிப்புட்’ என்று பெயரிட்டார். இராட்சதர் வாழும் தேசத்துக்கு ‘புரொப்டிங்நாக்’ என்று பெயரிட்டார். இரண்டுக்கும் அகராதியிற் பொருளில்லை. ஆயினும், பெயர்களை மட்டும் கேட்ட குழந்தையும் எது சிறியோர் நாடு என்பதை ஊகித்துவிடும். இராட்சத தேசத்திற் கலிவரை வளர்க்கும் ஒன்பது வயதுப் பெண்ணின் பெயர் ‘குளும்டால்கிளிச்’. நாற்பதடி உயரமுள்ள அவள், தன் கைக்குள் அடங்கும் கலிவருக்கு இட்ட பெயரோ ‘கிரில்ட்ரிக்’. அத் தேசத்து வல்லொலிகள் அப்படியே நிற்க, உயிர்மட்டும் இகரமாகச் சுருங்கிவிட்டதைக் காணலாம்.

சாள்ஸ் டிக்கன்ஸ் பெயர் சூட்டுவதில் மிகுந்த கவலை எடுத்துக்கொண்டவர். ‘மார்ட்டின் சஸில்விட்’ என்ற பெயரை அடையுமுன் ‘ஸ்வீஸில்டன்’, ‘சஸில்டோ’, ‘சஸில்விக்’ எனப் பல பெயர்களை எழுதி எழுதிப் பார்த்தார் என்று அவருடைய நண்பர் ஜோன் போஸ்டர் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார். ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலின் கொடிய சிற்றப்பனுக்கு அவர் இட்ட பெயர் ‘மர்ட்ஸ்டன்’. கொலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியும் கல்லைக் குறிக்கும் சொல்லும் அதிற் சேர்ந்து கிடக்கின்றன.

தமிழில் இதனைச் செய்தவர்களுட் கம்பர் தலையாயவர். சூர்ப்பணகை என்னும் பெயர் முறம்போன்ற நகமுடையவள் எனப் பொருள்படும். ர்ப்ப என்று மெய்கள் அடுக்கி வரும் அப் பெயர் நாவுக்கும் எளிதன்று. இராமனை மயக்க எண்ணி அழகிய வடிவெடுத்து அவள் நடந்து வரும் செய்யுளிற் கம்பர் மெல்லின மெய்களை அதனதன் இன வல்லினத்தோடு இணைத்து இணைத்துச் சலங்கையொலி எழுப்புகின்றார். நீ யார் என்று இராமன் வினவியபோது அவள் தன் பெயரைக் ‘காமவல்லி’ என்கின்றாள். உருவை மாற்றினாற் போதாது, பெயரின் ஒலியையும் மாற்றவேண்டும் என்பதை அரக்கியே அறிந்திருந்தாள் போலும்!

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளியான ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலும் இவ்வுத்தி தெரிகின்றது. ‘பழுவேட்டரையர்’ என்ற பெயரில் இரட்டித்த டகரம் கேட்பவரைத் தடுத்து நிறுத்துகின்றது. ஆனால், சூழ்ச்சியின் நடுநாயகமாக விளங்குபவளின் பெயர் ‘நந்தினி’. மென்மையே உருவான ஒலி அது. கேட்போரின் காது பெயரை நம்புகின்றது. கதை அந் நம்பிக்கையை உடைக்கின்றது. ஒலியின் சாய்வை அறிந்தவரே அதற்கு எதிராகவும் அதனைப் பயன்படுத்த வல்லவர்.

எனினும், எல்லாவற்றையும் ஒலியின் தலையிற் சுமத்துதல் தவறாகும். 1891இல் வெளியான ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வஞ்சக அமைச்சன் பெயர் குடிலன். அதன் ஒலியிற் கொடுமை இல்லை. வளைந்தவன் என்ற பொருளே வேலை செய்கின்றது. இலங்கை வானொலியில் ஒலித்த ‘இலண்டன் கந்தையா’ என்ற நாடகத் தலைப்பு நகைப்பை எழுப்பியதும் ஒலியினால் அன்று. யாழ்ப்பாணத்துக்கு மிகப் பழகிய பெயரொன்று மாநகரொன்றின் பெயரோடு கைகோத்து நின்றமையே காரணம். சிறுமையைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இகரமே, ஆங்கிலத்திற் பெரிது எனப் பொருள்படும் ‘பிக்’ என்ற சொல்லில் நிற்கின்றது. மொழிக்கு மொழி காதும் வேறுபடும். யப்பானியருக்கு ‘க’வினும் அதிர்ந்தொலிக்கும் ‘க’ பாரமானது. 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தோன்றிய ‘கொஜிரா’ என்னும் பூதத்தின் பெயர், கொரில்லாவையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் யப்பானியச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்டது. அதன் அதிர்வொலிகளே அந்நாட்டார் காதிற் பேருருவை எழுப்புகின்றன. தமிழிலோ அவ்விரு ககரத்துக்கும் தனித்தனி எழுத்தே இல்லை; இங்கே வன்மையைக் காட்டுவது பெரும்பாலும் மெய் இரட்டிப்பதேயாகும்.

இதுவரை கூறியது கலை. இனிக் கூறவேண்டியது அறம்.

கனடாவில் நடந்த ஆய்வுகளில், ‘மொலி’ போன்ற மென்பெயர் உடையவர் இணக்கமானவர் என்றும், ‘கேற்’ போன்ற வன்பெயர் உடையவர் துடுக்கானவர் என்றும் மக்கள் கருதுவது தெரியவந்தது. பின்னர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களையும் அவர்களுடைய குணங்களையும் ஒப்பிட்டு நோக்கியபோது அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அதாவது, பெயரின் ஒலி கதையிற் பாத்திரத்தின் குணத்தைச் சொல்லலாம். வாழ்க்கையில் மனிதனின் குணத்தைச் சொல்வதில்லை. காது மட்டும் இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுகின்றது.

இவ்வேமாற்றத்தினால் விளையும் அநீதிக்கு இரு வரலாறுகள் சாட்சி. ஷேக்ஸ்பியர் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தில், குடியும் கும்மாளமுமாகத் திரியும் பருத்த வீரனுக்கு முதலில் இட்ட பெயர் ‘ஓல்ட்காசில்’. அப் பெயருடையவர் உண்மையில் வாழ்ந்து, தம் சமயக் கொள்கைக்காக உயிர் நீத்தவர். அவருடைய மனைவியின் வழிவந்த கொபம் பிரபு குடும்பத்தார் ஆட்சேபித்தமையால், பாத்திரத்தின் பெயர் ‘பால்ஸ்டாப்’ என மாற்றப்பட்டது.

மற்றது பொப் பேகின் என்னும் சிறுவனின் கதை. டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதிற் சப்பாத்து மை செய்யும் சாலையொன்றில் வேலைக்குச் சென்றார். போத்தல்களைக் கட்டும் முறையை அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் அநாதையாகிய பொப் பேகின். ஒரு நாள் டிக்கன்சுக்கு விலாநோவு கண்டபோது, வெறும் போத்தல்களில் வெந்நீர் நிறைத்து நெடுநேரம் ஒத்தடம் கொடுத்தவனும் அவனே. மாலையில் வீடுவரை கொண்டுபோய் விடவும் முயன்றான். கடனுக்காகத் தந்தை சிறையில் இருப்பதை மறைக்க விரும்பிய சிறுவன், அயலார் வீடொன்றைத் தன் வீடென்று காட்டி அவனை அனுப்பிவைத்தான். சில ஆண்டுகள் கழிந்தன. 1837இல் வெளிவரத் தொடங்கிய ‘ஒலிவர் ட்விஸ்ட்’ நாவலில், சிறுவரைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு டிக்கன்ஸ் சூட்டிய பெயர் ‘பேகின்’. 1863இல் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி, அப் பாத்திரம் தம் இனத்தாருக்கு இழிவு தருகின்றது என எழுதினார். 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘யூதன்’ என்ற சொல்லைப் பல இடங்களில் டிக்கன்ஸ் நீக்கினார். நீக்கிய பல இடங்களில் வந்து அமர்ந்தது ‘பேகின்’ என்ற பெயரே.

ஓல்ட்காசிலுக்காகப் பேசப் பிரபு குடும்பம் இருந்தது. யூதருக்காகப் பேச ஒரு பெண்மணி இருந்தார். பொப் பேகினுக்காகப் பேச எவரும் இருக்கவில்லை. வெந்நீர்ப் போத்தலின் வெம்மையோடு நினைக்கப்பட வேண்டிய பெயர், இன்று கேட்பவர் எல்லாருக்கும் கயவனின் பெயராகவே ஒலிக்கின்றது.

தமிழ் நாடகமேடையும் இக் குற்றத்திலிருந்து முற்றாக நீங்கியதன்று. எசமானருக்கு நீண்ட வடமொழிப் பெயரும், வேலைக்காரனுக்கு உழைக்கும் எளியோர் வீடுகளில் வழங்கும் குறுகிய பெயரும் இட்டு நகைச்சுவை காட்டிய நாடகங்கள் பல. அவ்வாறு நகைக்கப்பட்ட பெயரைத் தாங்கிய பிள்ளையும் அவையில் இருந்திருக்கும். மறுநாள் பாடசாலையில் அப் பெயர் கூப்பிடப்படும்போது வகுப்பு முழுவதும் சிரித்தால், அப் பிள்ளை தலைகுனிவது எந்தப் பிழைக்காக?

பெயரின் ஒலி எழுத்தாளன் கையில் உள்ள நல்ல கருவி. அதனை ஸ்விவ்றைப்போலப் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். கம்பரைப்போல வேடம் கலைக்கவும் பயன்படுத்தலாம். ஆனால், கதைக்காகக் கடன்வாங்கும் பெயருக்கு எங்கோ ஓர் உரிமையாளன் உண்டு என்பதை மறத்தலாகாது. கேட்போருக்கும் ஒரு கடமை உண்டு. நாடகத்திற் பெயரைக் கேட்டு முகத்தைக் கற்பனை செய்வது இன்பம். வாழ்க்கையிலோ முகத்தைக் கண்டு, பழகி, குணமறிந்த பின்னரே பெயருக்குப் பொருள் கொள்ளுதல் முறையாகும்.