சிபியு ஃபேன்: நாமே மாற்றலாமா, ஆளைக் கூப்பிடலாமா?

உங்கள் கம்ப்யூட்டர் ஆன் செய்த பத்து, பதினைந்து நிமிடங்களில் தானாகவே அணைந்து விடுகிறதா? வீடியோ பார்க்கும்போது உள்ளே மிக்ஸி ஓடுவது போலச் சத்தம் கேட்கிறதா? உடனே "வைரஸ் வந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் சிபியு கேபினட்டின் உள்ளே இருக்கும் ஃபேனைச் சந்தேகப்படுங்கள்.

என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கம்ப்யூட்டர் இப்படித்தான் அடிக்கடி அணைந்தது. பக்கத்தில் இருந்த சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார். அவர் வந்து ஆன் செய்து பார்த்து, "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணியே ஆகணும்" என்றார். பெரியப்பாவும் தலையாட்டினார். விண்டோஸ் புதிதாக வந்தது. கூடவே என் அக்காவின் கல்யாண போட்டோக்களும், பாட்டி கடைசியாக எல்லோருடனும் இருந்த பொங்கல் வீடியோவும் போயின. அவற்றுக்கு வேறு காப்பி இல்லை. மறுநாள் கம்ப்யூட்டர் பழையபடி பதினைந்தாவது நிமிடத்தில் அணைந்தது!

ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கேபினட்டைத் திறந்தேன். ஹீட்சிங்க் இடுக்குகளில் தலையணைப் பஞ்சு போலத் தூசி. ஃபேன் முக்கி முக்கிச் சுற்றியது. ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்த கூலரை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. பொருளின் விலை சில நூறு ரூபாய்தான். அந்தப் போட்டோக்களைத்தான் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, ஒரு கார் மெக்கானிக்.

காருக்கு வாட்டர் பம்ப், கம்ப்யூட்டருக்கு ஃபேன்

கார் இன்ஜின் ஓடும்போது சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல கூலன்ட் என்ற திரவம் இன்ஜினுக்குள் சுற்றி, ரேடியேட்டருக்குப் போய் ஆறி, மறுபடி இன்ஜினுக்கு வருகிறது. இதைச் சுற்ற வைப்பது வாட்டர் பம்ப். பம்ப் நின்றால் கூலன்ட் நிற்கும், இன்ஜின் கொதிக்கும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்களில் 65 வாட் என்று குறிப்பிடப்படும் பிராசசர்கள் அதிகம். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அளவு சூடு பிராசசரின் உள்ளே இருக்கும் விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லில் உண்டாகிறது. அது தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க் என்னும் உலோகத் தகடுகளுக்கு ஏறுகிறது. அங்கிருந்து அதை ஊதித் தள்ளுவது ஃபேன்.

எங்கள் வீட்டுக் காரில் வாட்டர் பம்ப் ஒழுகியபோது, "நானே மாற்றிப் பார்க்கிறேன்" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். இன்ஜினீயரிங் படித்த தைரியம்! அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பம்ப்பைக் கழட்டுறது பெரிய விஷயமே இல்ல, நீங்களும் கழட்டிடலாம். உங்க வண்டியில அதை ஓட்டுறது டைமிங் பெல்ட். திரும்ப மாட்டும்போது பெல்ட்டு பல்லு மாறி உக்காந்துச்சுன்னா பம்ப்போட போகாது, இன்ஜினே போயிடும்."

அவர் சொன்னது உண்மை. டைமிங் பெல்ட் தவறாக உட்கார்ந்தால் பல வகை இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். எல்லாக் கார்களிலும் இப்படி இல்லை. சில இன்ஜின்களில் பம்ப் வெளியே தெரியும் பெல்ட்டில் ஓடும். கருவிகளும் அனுபவமும் இருப்பவர் அதை வீட்டிலேயே மாற்றலாம். அப்போதும் சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். வடித்த கூலன்ட்டையும் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மெக்கானிக் சொன்னதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இது. "என்னால் கழற்ற முடியுமா?" என்று கேட்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எதையும் கழற்றலாம். இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. நான் தவறு செய்தால் அந்தப் பாகம் மட்டும் போகுமா, அதைவிடப் பெரிதாக ஏதாவது போகுமா?

2. வேலை முடிந்ததும் சரியாகச் செய்தேனா என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

3. உடலுக்கு ஆபத்து உண்டா? வாரண்டி போய்விடுமா?

டைமிங் பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. சிபியு ஃபேன் எப்படி?

இன்றைய பிராசசர்கள் அதிகம் சூடானால் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சூடு இன்னும் ஏறினால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். பல இன்டெல் பிராசசர்களில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரி. முன்பெல்லாம் இப்படி இல்லை. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் ஹீட்சிங்க்கைக் கழற்றிச் சோதித்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அத்லான் பிராசசர் புகைந்து கருகியது. இன்று உங்கள் கூலர் சரியாக உட்காராவிட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணையும், அவ்வளவுதான். அணைத்து, மறுபடி மாட்டலாம். ஆகவே முதல் கேள்வியில் ஃபேன் பாஸ். வெப்பநிலையை நாமே திரையில் பார்க்கலாம் என்பதால் இரண்டாவதிலும் பாஸ். மூன்றாவதற்கு வாரண்டி கார்டைப் படியுங்கள். வாரண்டி இருக்கும் கம்ப்யூட்டரை நீங்கள் திறக்க வேண்டாம், விற்றவரே வந்து பார்க்கட்டும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பகுதியில் சிபியு வெப்பநிலையும், ஃபேன் நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதும் தெரியும். விண்டோஸில் பார்க்க எச்டபிள்யூமானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன.

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. வேலை செய்யும்போது 70, 80 வரை ஏறலாம். சாதாரண வேலைக்கே 90ஐத் தாண்டினால் குளிர்விப்பில் கோளாறு. வெப்பநிலை சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்தால் ஃபேனை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் அல்லது வேறு ஏதோ காரணம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

பல சமயம் ஃபேனை மாற்றவே வேண்டாம், தூசியைத் தட்டினாலே போதும். சிறிய பிரஷ் அல்லது ஊதும் புளோயர் பயன்படுத்துங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுவிடும்.

புதிய கூலர் வாங்கும்போது

பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயரைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். பார்ப்பதற்கு ஒன்று போல இருந்தாலும் எல்லாக் கூலரும் எல்லா மதர்போர்டிலும் பொருந்தாது. எல்ஜிஏ1200 சாக்கெட்டுக்கான துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700க்கு 78 மில்லிமீட்டர். சந்தேகமாக இருந்தால் மதர்போர்டின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மாற்றும் முறை

1. முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். எந்த வேலையாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை!

2. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் வயரைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும்.

3. உள்ளே இருப்பதை மொபைலில் போட்டோ எடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

4. "சிபியு ஃபேன்" என்று மதர்போர்டில் ஆங்கிலத்தில் குறித்த இடத்தில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள். வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்து எடுங்கள்.

5. இன்டெல்லுடன் வரும் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் வட்டம் திருப்பி மேலே இழுங்கள். ஏஎம்டி கூலரில் கிளிப்போ ஸ்க்ரூவோ இருக்கும்.

6. கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகை பிராசசர்களில் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கும். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசசரே கூலருடன் வந்து ஊசிகள் வளையலாம். அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட விட்டால் பேஸ்ட் இளகும்.

7. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். நடுவில் சிறிய பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். புதிய கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கனவே பூசியிருந்தால் மேலும் பூச வேண்டாம்.

8. புதிய கூலரின் பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் "டிக்" என்று உட்கார வேண்டும். ஒரு பின் தூக்கிக்கொண்டு இருந்தாலும் சூடு இறங்காது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

9. ஃபேன் வயரை மறக்காமல் மாட்டுங்கள். நான் முதல் முறை மறந்துவிட்டு, திரையில் "சிபியு ஃபேன் எரர்" என்று வந்தவுடன் கதிகலங்கிப் போனேன்!

இப்போது ஆன் செய்து, பயாஸில் பத்து நிமிடம் வெப்பநிலையைக் கவனியுங்கள். ஓரிடத்தில் நின்றால் வெற்றி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அணைத்து, பின்களைச் சரி பாருங்கள்.

இவற்றில் கை வைக்காதீர்கள்

எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளும் ஒரு ஃபேன் உண்டு. அது நின்றுபோனால் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லுங்கள். அதே போல, பிராசசர் சாக்கெட்டின் ஊசிகள் வளைந்திருந்தால் நீங்களாக நிமிர்த்த வேண்டாம். லேப்டாப்பும் புதியவர்களுக்கு வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் நிச்சயம் தொடாதீர்கள். இவையெல்லாம் கம்ப்யூட்டரின் டைமிங் பெல்ட்டுகள்.

ஆளைக் கூப்பிடும்போது

ஆளைக் கூப்பிடுவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் சில விஷயங்களில் உறுதியாக இருங்கள்.

"வைரஸ் வந்திருக்கு" என்று நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "ஆன் செய்த பதினைந்து நிமிடத்தில் அணைகிறது, வெப்பநிலை 95 காட்டுகிறது" என்று அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்கு எடுத்துச் சென்றால் அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஒரு நல்ல சர்வீஸ் ஆள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். எங்கள் கார் மெக்கானிக் பம்ப்பை மாற்றியபோது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, பெல்ட்டின் அடையாளக் கோடுகளைக் காட்டிக் காட்டித்தான் மாட்டினார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஃபேன் போனால் கடையில் வாங்கலாம். விண்டோஸையும் திரும்பப் போடலாம். வீட்டு விசேஷப் படங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பும் சரி, சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்வதற்கு முன்பும் சரி, முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பெரியப்பா இப்போது மாதம் ஒரு முறை எடுக்கிறார்.