வயல்வழி – 9: தண்ணீரோடு வளரும் நெல்

மூடாக்கைப் பற்றி எழுதியதிலிருந்து வாசகர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்த இயற்கை விவசாய முறைகளையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போவது? முடிச்சூர்க்காரர்களுக்கு அதிக அலைச்சல் இல்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கம் சுக்கன்கொல்லையில் இந்திய பாரம்பரிய அறிவியல் மையத்தின் பண்ணை இருக்கிறது. சி.ஐ.கே.எஸ். என்றால் விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும். 1995இல் சென்னையில் தொடங்கிய இந்த மையம் நாட்டு விதைகளைச் சேகரிப்பதோடு, விருட்சாயுர்வேதம் போன்ற பழைய நூல்கள் சொல்வதை வயலில் போட்டும் பார்க்கிறது. ஏட்டில் இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது; விளைந்து காட்ட வேண்டும்.

இங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விதைநெல் தேர்வு. வாளித் தண்ணீரில் கோழிமுட்டை ஒன்றைப் போட்டு, கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். அடியில் கிடந்த முட்டை மெல்ல மேலே வந்து நாலணா அகலம் தலை காட்டினால் உப்பு போதும். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் பொக்கும் மிதக்கும், கனத்த மணி மூழ்கும். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

வரப்பும் இங்கே சும்மா கிடப்பதில்லை. தட்டைப்பயறு போட்டால் அசுவினி முதலில் அதில்தான் ஏறும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். வந்தது அப்படியே நெல் வயலுக்குள்ளும் இறங்கும். நடுவில் நட்ட பறவைத் தாங்கியில் ரெட்டைவால் குருவி உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தாங்கியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நெல்லைக் கொறிக்கிற குருவிகளுக்கும் நாமே நாற்காலி போட்ட மாதிரி ஆகிவிடும்.

மருந்தடித்தால் இந்தக் கூட்டணி மொத்தமும் கலையும். பூச்சி மட்டும் சீக்கிரம் திரும்பி வரும், அதைத் தின்கிறது வர நாளாகும்.

என்னைக் கட்டிப்போட்டது ஏரி நெல் ரகங்கள். காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்தபோது அதற்கு ‘ஏரிகள் மாவட்டம்’ என்றே பெயர். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் உள்வாய் நிலமும் தாழ்ந்த வயலும் நாள்கணக்கில் முழுகிக் கிடக்கும். அதற்கென்றே நீலன் சம்பா, சம்பா மோசனம் என்று ரகங்கள் இருந்தன. தண்ணீரோடு போராடாமல் அதோடு சேர்ந்து வளர்கிற நெல் இவை. 1966இல் ஐ.ஆர்.8 வந்தபின் குட்டை நெல்லுக்குத்தான் மதிப்பு. உரத்தைத் தாங்கும், சாயாது, மூட்டை கூடும். அந்தக் காலப் பசிக்கு அது தேவைப்பட்டது, மறுக்க முடியாது. ஆனால் இடுப்பளவு நெல் இடுப்பளவு வெள்ளத்தில் என்ன செய்யும்?

சேகரித்த விதையைப் பானையில் போட்டு வசம்புத் தூளும் நொச்சி இலையும் இட்டால் ஓரிரு பருவத்துக்கு வண்டு அண்டாது. அதற்கு மேல் முளைப்புத்திறன் இறங்கும், திரும்ப விதைத்தே ஆக வேண்டும். குளிர்பெட்டி வங்கியில் பல ஆண்டுகள் வைக்கலாம்தான். ஆனால் உள்ளே உறங்கும் விதை மாறிவரும் மழையைப் பார்க்காது. அதனால்தான் மையத்தார் விவசாயிகள் கையில் சுழல்கிற விதை வங்கிகளை நம்புகிறார்கள். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமனும் இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கித்தான் ஆதிரெங்கத்திலிருந்து ரகங்களைப் பரப்பினார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் நகரத்துக் கடைகளில் இடம் கிடைத்துவிட்டது; சர்க்கரை நோய்க்கு நல்லது என்றால் நாம் வாங்குகிறோம். ஏரி நெல்லுக்கு அந்த விளம்பரமும் இல்லை, அது கேட்கிற நிலமும் இல்லை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றை ஒட்டிய தாழ்ந்த பூமி. 2015 டிசம்பரில் தெருவில் படகு விட்டபோது நாடே பார்த்தது. தண்ணீர் தங்குகிற நிலத்தில் மனை போட்டாயிற்று, இனி நெல் வராது. ஆனால் செங்கல்பட்டுக்குத் தெற்கே மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசன வயல் இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கே ஏரி நெல் போடுகிற விவசாயிக்கு, மூட்டை குறைவதை ஈடுகட்டுகிற மாதிரி அரசு கொள்முதல் விலையைத் தனியாக வைத்தால் ரகம் பிழைக்கும். பாராட்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் நாற்று விட முடியாது.